லினக்ஸ் கணினி உங்களைத் தானாக வெளியேற்றுகிறதா? காரணத்தைப் பிடிக்கும் வழி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), கோயில் மண்டபத்தின் பின்னறையில் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு மாலை நேரக் கணினி வகுப்பு நடத்துகிறோம். நன்கொடையாக வந்த பழைய மேசைக் கணினி ஒன்றில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 22.04ஐ நிறுவி, அதையே சர்வராக (பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கணினியாக) வைத்திருக்கிறோம். மாணவர்கள் மண்டபத்திலுள்ள மடிக்கணினிகளிலிருந்தும், சிலர் தோட்ட வீட்டிலிருந்து கைப்பேசி ஹாட்ஸ்பாட் வழியாகவும் எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினியில் பாதுகாப்பாக நுழையும் முறை) மூலம் அதில் நுழைந்து நிரல் எழுதுவார்கள். கடந்த ஆண்டு திடீரென்று, பாதி நிரலில் இருக்கும்போதே அமர்வுகள், அதாவது சர்வரில் நுழைந்து வேலை செய்யும் இணைப்புகள், அறுந்து போகத் தொடங்கின. "சார், மறுபடியும் வெளியே தள்ளிடுச்சு" என்ற குரலை ஒரே மாலையில் ஏழெட்டு முறை கேட்டேன்.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. காரணம் ஒன்றல்ல, மூன்று என்பதும், ஒன்றைச் சரிசெய்யும்போதெல்லாம் மற்ற இரண்டும் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தன என்பதும் பிறகுதான் விளங்கியது. நீங்கள் அந்த மூன்று மாதத்தை இழக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். எந்தப் படியில் இருந்தாலும் ஒரு கேள்வியை மட்டும் கைவிடாதீர்கள்: அமர்வை மூடியது யார்? நீங்கள் கட்டளை தட்டும் ஷெல்லா, சர்வரில் ஓடும் எஸ்எஸ்எச் நிரலா, நடுவிலுள்ள இணைய வழியா, அல்லது கணினியே விழுந்துவிட்டதா? இந்த நால்வரில் ஒருவரை அடையாளம் காணாமல் எந்த அமைப்பையும் மாற்றுவது, காய்ச்சலின் காரணம் தெரியாமல் மருந்து மாற்றுவதைப் போன்றது.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும்; கோப்பில் ஏற்கெனவே பெரிய எழுத்தோடு இருக்கும் பெயர்களை மட்டும் அப்படியே விடுங்கள். குழப்பம் வரக்கூடிய இடங்களில் எழுத்தெழுத்தாகச் சொல்லியிருக்கிறேன்.

1. முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள்

எதையும் மாற்றாதீர்கள். இரண்டு மூன்று நாளைக்கு, அமர்வு அறுந்த ஒவ்வொரு முறையும் ஐந்து விவரங்களை எழுதி வையுங்கள்: யாருடைய கணக்கு, எங்கிருந்து நுழைந்தார், சரியாக எத்தனை மணிக்கு அறுந்தது, அதற்குமுன் எத்தனை நிமிடம் எதுவும் தட்டாமல் இருந்தார், திரையில் கடைசியாகத் தெரிந்த வரி என்ன. "சும்மா போய்விட்டது" என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். அந்தக் கடைசி வரிதான் உங்களிடம் இருக்கும் மிக மலிவான சாட்சி. கைப்பேசியில் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

"ஆட்டோ-லாகவுட்" என்ற சொல் அந்த வரியில் இருந்தால், மூடியது ஷெல். ஐந்தாம் படிக்கு நேரே போகலாம். "புரோக்கன் பைப்" என்று இருந்தால், உங்கள் பக்கத்து நிரல் எதையோ அனுப்ப முயன்றபோது இணைப்பு ஏற்கெனவே செத்துப் போயிருந்தது என்று பொருள்; பெரும்பாலும் குற்றவாளி வழியில்தான் இருப்பார். "கனெக்ஷன் ரீசெட் பை பியர்" என்றால் மறுமுனையோ, நடுவிலுள்ள ரவுட்டரோ இணைப்பை வெடுக்கென்று அறுத்திருக்கிறது. "கனெக்ஷன் குளோஸ்டு பை ரிமோட் ஹோஸ்ட்" என்று இருந்தால் சர்வர் தானே கதவைச் சாத்தியிருக்கிறது. எந்த வரியும் வராமல் திரை உறைந்து நின்றால், அதுவும் ஒரு விவரமே; மறுமுனை சொல்லாமலேயே போய்விட்டது என்று அதை எழுதி வையுங்கள்.

வெறும் "லாகவுட்" என்ற ஒற்றைச் சொல் மட்டும் வந்தால் முதலில் மாணவரின் விரலைச் சந்தேகியுங்கள். எங்கள் வகுப்பில் ஒரு மாணவி பைத்தானிலிருந்து வெளியே வர கண்ட்ரோல் விசையுடன் டி விசையை அழுத்துவார். வெளியே வந்ததை உடனே கவனிக்காமல் இன்னொரு முறையும் அழுத்துவார். முதல் அழுத்தம் பைத்தானை மூடும். இரண்டாவது அழுத்தம் ஷெல்லையே மூடிவிடும். இதை நான் ஒரு வாரம் இணையக் கோளாறு என்று நினைத்துத் துரத்தினேன். உபுண்டுவின் வழக்கமான ஷெல்லான பாஷில் செட், இடைவெளி, கழித்தல் குறியுடன் ஓ, இடைவெளி, இக்னோர்இஓஎஃப் என்று தட்டினால் அந்த விசையை ஓரிரு முறை தவறி அழுத்தினாலும் ஷெல் மூடாது. அந்த வரியை மாணவரின் வீட்டு அடைவில் (கோப்புறையில்) புள்ளியில் தொடங்கும் பாஷ்ஆர்சி கோப்பில், அதாவது பாஷ் திறக்கும்போது படிக்கும் கோப்பில், சேர்த்தால் நிலைத்து நிற்கும்.

2. கடிகாரத்தைச் சரிபாருங்கள்

சிறிய படிதான், ஆனால் என்னை இரண்டு வாரம் அலைக்கழித்த படி. டைம்டேட்சிடிஎல் என்று தட்டிப் பாருங்கள். சர்வர் பதிப்பை நிறுவும்போது நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அது உலகப் பொது நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். மலேசிய நேரம் அதைவிட 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. மாணவர் இரவு 8.40க்கு வெளியே தள்ளப்பட்டார் என்று நோட்டில் எழுதிவிட்டு, சர்வர் நடந்தவற்றைக் குறித்து வைக்கும் பதிவேட்டில் 20.40ஐத் தேடினால் அங்கே ஒன்றுமே இருக்காது. நிகழ்ச்சி பகல் 12.40 என்ற நேரத்தில் பதிவாகியிருக்கும். "பதிவேட்டில் எதுவும் இல்லை" என்று நான் முடிவு கட்டியதெல்லாம் இந்தப் பிழையால்தான். அதே கட்டளையுடன் செட்-டைம்ஸோன் என்பதையும், ஏஷியா, சாய்கோடு, குவாலா_லும்பூர் என்பதையும் சேர்த்துத் தட்டினால் நேரம் நம்முடையதாகிவிடும். ஏஷியாவின் முதல் எழுத்தும், குவாலா, லும்பூர் இரண்டின் முதல் எழுத்துகளும் பெரிய எழுத்து, நடுவில் அடிக்கோடு.

3. கணினியே விழுந்து எழுந்ததா?

அப்டைம் என்று தட்டுங்கள். கணினி எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறது என்பதை அது சொல்லும். வகுப்பு நடுவில் எல்லோரும் ஒரே நொடியில் வெளியே விழுந்து, அப்டைம் பத்து நிமிடம் என்று காட்டினால் உங்கள் வேலை எளிது: மின்சாரம் போய் வந்திருக்கிறது, அல்லது கணினி தானாக மறுதொடக்கம் ஆகியிருக்கிறது. லாஸ்ட் கட்டளையுடன் கழித்தல் குறியும் எக்ஸ் எழுத்தும் சேர்த்துத் தட்டினால், யார் எப்போது நுழைந்தார், எப்போது வெளியேறினார், கணினி எப்போது அணைந்தது என்ற பட்டியல் வரும். வெளியேறிய நேரத்துக்குப் பதிலாக "கிராஷ்" என்று இருந்தால், முறையாக அணைக்காமல் கணினி விழுந்தது என்று பொருள். "டவுன்" என்றால் முறையாக அணைக்கப்பட்டது; மண்டபத்தைக் கூட்டுகிறவர் பொத்தானை அழுத்தினாரா என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.

நம் பக்கத்தில் பிற்பகல் இடிமழை வந்தால் மின்சாரம் ஒரு கண் சிமிட்டுவது வழக்கம். விளக்கு ஒருமுறை மங்கி எரிவது நமக்குப் பெரிதாகத் தெரியாது. பழைய கணினிக்கு அது போதும். மின்சாரம் போனாலும் சிறிது நேரம் கணினியைத் தாங்கும் மின்கலப் பெட்டியான யூபிஎஸ் ஒன்றை, 650 விஏ அளவில், 189 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். ரவுட்டரையும் அதே யூபிஎஸ்ஸில் செருகுங்கள். கணினி உயிரோடிருந்து ரவுட்டர் அணைந்தால் அமர்வு அறுவது அறுவதுதான்.

மடிக்கணினியைச் சர்வராக வைத்திருப்பவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. மூடியைச் சாத்தினால் உறங்குவதே அதன் இயல்பான அமைப்பு. கணினியின் அமைப்புக் கோப்புகள் இருக்கும் எட்சி அடைவிற்குள் சிஸ்டம்டி அடைவில் உள்ள லாகின்டி டாட் கான்ஃப் கோப்பில் ஹேண்டில்லிட்ஸ்விட்ச் என்ற வரியின் மதிப்பை இக்னோர் என்று மாற்றி, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.

4. சர்வரின் பதிவேட்டைப் படியுங்கள்

இனி நோட்டுப் புத்தகத்தையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உபுண்டு, டெபியன் வகைகளில் ஜர்னல்சிடிஎல், இடைவெளி, கழித்தல் குறியுடன் யூ, இடைவெளி, எஸ்எஸ்எச் என்று தட்ட வேண்டும். ஃபெடோரா, ரெட் ஹேட் வகைகளில் கடைசிச் சொல் எஸ்எஸ்எச்டி என்று இருக்கும். முன்னால் சுடோ (நிர்வாகி உரிமையோடு ஓட்டும் கட்டளை) சேர்க்க மறவாதீர்கள். சாதாரணப் பயனருக்கு முழுப் பதிவேடும் தெரியாது, அதைப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று ஏமாந்துவிடுவீர்கள். பழைய முறையில் உரைக்கோப்பாக வேண்டுமானால் வார் அடைவில் லாக் அடைவுக்குள் உபுண்டுவில் ஆத் டாட் லாக் என்றும், ரெட் ஹேட்டில் செக்யூர் என்றும் இருக்கும். மறுதொடக்கத்துக்கு முந்தைய பதிவுகள் காணவில்லையென்றால், வார் லாக் அடைவுக்குள் ஜர்னல் என்ற அடைவு இருக்கிறதா என்று பாருங்கள்; அது இல்லாத கணினி பதிவுகளை நினைவகத்தில் மட்டும் வைத்து, அணையும்போது தொலைத்துவிடும்.

ஒவ்வொரு அமர்வுக்கும் "செஷன் ஓப்பன்டு" என்று ஒரு வரியும் "செஷன் குளோஸ்டு" என்று ஒரு வரியும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது மூடிய வரிக்குச் சற்று முன்னால் இருப்பது. "ரிசீவ்டு டிஸ்கனெக்ட்" என்று இருந்தால் மாணவரின் பக்கத்திலிருந்தே முறையாக விடை பெற்றிருக்கிறார்கள். ஷெல் மூடினாலும் இதே வரிதான் வரும். "டைம்அவுட், கிளையண்ட் நாட் ரெஸ்பாண்டிங்" என்று இருந்தால், சர்வர் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராததால் கைவிட்டது. மூடிய வரியே இல்லாமல் அமர்வு மணிக்கணக்காகத் திறந்தே கிடந்தால், வழி நடுவில் அறுந்த செய்தி சர்வருக்கு எட்டவே இல்லை. கடைசி வகையைக் கண்டால் ஆறாம் படிக்குப் போங்கள்.

5. மூன்று சாளரச் சோதனை

இந்த ஒரு சோதனையை முதல் வாரமே செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது. செலவு எதுவுமில்லை, ஒரு மணி நேரம் போதும்.

ஒரே மடிக்கணினியிலிருந்து மூன்று தனித்தனி எஸ்எஸ்எச் இணைப்புகளைத் திறந்துகொள்ளுங்கள். முதல் சாளரத்தில் எதுவும் தட்டாமல் விட்டுவிடுங்கள். இரண்டாவதில் ஸ்லீப் 3600 என்று தட்டுங்கள்; அது ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் ஓடும். மூன்றாவதில் டாப் கட்டளையை ஓட விடுங்கள். அது சில நொடிக்கு ஒருமுறை திரையைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதால் வழியில் எப்போதும் தரவு ஓடும். பிறகு தேநீர் குடிக்கப் போங்கள்.

திரும்பி வரும்போது முதல் சாளரம் மட்டும் மூடியிருந்தால், ஷெல்லின் காலக்கெடுதான் காரணம். ஷெல் கட்டளைக்காகக் காத்திருக்கும்போது மட்டுமே அந்தக் கெடு எண்ணப்படும். ஸ்லீப் ஓடும்போது ஷெல் உங்களுக்காகக் காத்திருக்கவில்லை, அதனால் அது பிழைத்துக்கொள்கிறது. முதலாவதும் இரண்டாவதும் செத்து, டாப் மட்டும் உயிரோடிருந்தால், சும்மா இருக்கும் இணைப்புகளை நடுவிலுள்ள ஏதோ ஒன்று தூக்கி எறிகிறது. மூன்றும் ஒரே நேரத்தில் விழுந்தால், சும்மா இருப்பதற்கும் கோளாறுக்கும் தொடர்பில்லை; மின்சாரம், வைஃபை, வெளி முகவரி (இணையத்தில் உங்களை அடையாளம் காட்டும் ஐபி எண்) மாற்றம் ஆகியவற்றைப் பாருங்கள். மூன்றும் ஒரு மணி நேரம் தாங்கினால், நீங்கள் சோதித்த மடிக்கணினியும் இடமும் குற்றமற்றவை. கோளாறு வரும் மாணவரின் வீட்டிலிருந்து அதே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள்.

எங்களுக்கு முதல் சாளரம் சரியாக 5 நிமிடத்தில் மூடியது. வினாடி பிசகாமல் 300, 600, 900 என்று வட்டமான எண்ணில் அறுந்தால், அது விபத்தல்ல. யாரோ எழுதி வைத்த கட்டளை. எங்கள் கணினியில் எழுதி வைத்தவன் நானேதான். நிறுவிய புதிதில், பாதுகாப்பை இறுக்குவதற்கென்று இணையத்தில் கிடந்த ஒரு நிரலை வரி வரியாகப் படிக்காமல் ஓட்டியிருந்தேன். அது டி, எம், ஓ, யூ, டி என்ற ஐந்து பெரிய எழுத்துகளாலான மாறியில் 300 என்று வைத்துவிட்டுப் போயிருந்தது. எக்கோ, இடைவெளி, டாலர் குறி, அதை ஒட்டி அந்த ஐந்து எழுத்துகள் என்று தட்டுங்கள். எண் ஏதாவது வந்தால், அத்தனை வினாடி முழு வரி ஒன்று வந்து சேராவிட்டால் பாஷ் உங்களை வெளியேற்றும். முழு வரி என்பதைக் கவனியுங்கள்: பாதி வரி தட்டிவிட்டு என்டர் அழுத்தாமல் யோசித்துக்கொண்டிருப்பவரும் வெளியே போவார்.

அந்த மாறி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று தேட, எட்சி அடைவிலுள்ள ப்ரொஃபைல் கோப்பு, ப்ரொஃபைல் டாட் டி அடைவிலுள்ள எல்லாக் கோப்புகள், பாஷ் டாட் பாஷ்ஆர்சி கோப்பு, பிறகு பயனரின் வீட்டு அடைவில் புள்ளியில் தொடங்கும் கோப்புகள் ஆகியவற்றில் கிரெப் கட்டளையால் தேடுங்கள். அதே வரியில் ரீட்ஒன்லி என்று இருந்தால், மாணவர் தன் கோப்பில் அதை மாற்ற முடியாது. மூலக் கோப்பில்தான் திருத்த வேண்டும். திருத்திய பிறகு புதிதாக நுழைந்தவர்களுக்கே மாற்றம் பலிக்கும். உங்களுடைய கணினியாக இல்லாமல் அலுவலகத்தினுடையதாக இருந்தால், இந்தக் கெடுவை நீங்களாக நீக்காதீர்கள். அது பெரும்பாலும் காரணத்தோடுதான் வைக்கப்பட்டிருக்கும், நிர்வாகியிடம் கேளுங்கள்.

6. வழி அறுக்கிறதென்றால்

ரவுட்டர்களும் கைப்பேசி நிறுவனங்களின் கருவிகளும் தங்கள் வழியாகப் போகும் ஒவ்வோர் இணைப்பையும் ஓர் அட்டவணையில் வைத்திருக்கும். நெடுநேரம் பேச்சில்லாத இணைப்பை அட்டவணையிலிருந்து அழித்துவிடும். இரு முனைக்கும் சொல்லாது. அடுத்த எழுத்தைத் தட்டும்போதுதான் உங்களுக்குத் தெரியும். இதற்கு மருந்து, யாரும் தட்டாதபோதும் இடையிடையே ஒரு சிறு செய்தியை அனுப்பிக்கொண்டிருப்பது.

மாணவரின் கணினியில், வீட்டு அடைவுக்குள் டாட் எஸ்எஸ்எச் அடைவில் கான்ஃபிக் என்ற கோப்பைத் திறந்து, சர்வர்அலைவ்இன்டர்வல் 60 என்றும், சர்வர்அலைவ்கவுண்ட்மேக்ஸ் 3 என்றும் இரண்டு வரிகள் சேருங்கள். சொற்களுக்கு நடுவில் இடைவெளி கூடாது. முதல் வரி இல்லாவிட்டால் அதன் மதிப்பு சுழியம். அதாவது எதுவும் அனுப்பப்படாது. விண்டோஸில் புட்டி என்ற எஸ்எஸ்எச் நிரலைப் பயன்படுத்துவோர் கனெக்ஷன் பக்கத்தில் கீப்அலைவ் பெட்டியில் 60 என்று இட்டு, அமர்வைச் சேமிக்க வேண்டும். சேமிக்காமல் விட்டுவிட்டு மறுநாள் "இது வேலை செய்யவில்லை" என்று சொன்னவர்கள் எங்கள் வகுப்பில் மூவர்.

எல்லா மாணவர்களின் கணினியையும் தொட முடியாதென்றால் சர்வரிலேயே செய்யலாம். எட்சி அடைவின் எஸ்எஸ்எச் அடைவிலுள்ள எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக் கோப்பில் கிளையண்ட்அலைவ்இன்டர்வல் 60, கிளையண்ட்அலைவ்கவுண்ட்மேக்ஸ் 3 என்று வையுங்கள். சர்வர் 60 வினாடிக்கு ஒருமுறை கூப்பிடும். தொடர்ந்து மூன்று முறை பதில் இல்லையென்றால், ஏறக்குறைய 3 நிமிடத்தில் கைவிடும். மண்டப வைஃபை அடிக்கடி தடுமாறுமானால் 3ஐ 10 ஆக்கிக்கொள்ளலாம்.

இங்கே இரண்டு பொறிகள். முதலாவது: பழைய குறிப்புகள் பல, சும்மா இருப்பவரை வெளியேற்ற இரண்டாவது எண்ணைச் சுழியமாக வைக்கச் சொல்லும். சர்வரில் ஓடும் எஸ்எஸ்எச் நிரலான ஓப்பன்எஸ்எஸ்எச்சின் 8.2 பதிப்பு முதல் சுழியத்தின் பொருள் மாறிவிட்டது. இப்போது அது கைவிடுவதையே நிறுத்திவிடும். ஒரே வரி, பதிப்பைப் பொறுத்து நேர்மாறான விளைவு. இரண்டாவது: டிசிபிகீப்அலைவ் என்ற வரி யெஸ் என்று இருப்பதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். லினக்ஸில் அந்த முறை முதல் செய்தியை 7,200 வினாடிக்குப் பிறகே, அதாவது 2 மணி நேரம் கழித்தே அனுப்பும். அதற்குள் ரவுட்டர் உங்களை மறந்து வெகுநேரம் ஆகியிருக்கும்.

கோப்பைத் திருத்தியதும் சேவையை மறுதொடக்கம் செய்ய அவசரப்படாதீர்கள். சுடோவுடன் எஸ்எஸ்எச்டி, இடைவெளி, கழித்தல் குறியுடன் சிறிய டி என்று தட்டினால், எழுத்துப் பிழை இருந்தால் சொல்லும். பிழை இல்லையென்றால் எதுவும் சொல்லாது. பெரிய டி என்று தட்டினால் உண்மையில் நடைமுறையில் இருக்கும் எல்லா மதிப்புகளையும் பட்டியலிடும். மறுதொடக்கம் செய்யும்போது இன்னொரு சாளரத்தில் ஓர் அமர்வைத் திறந்தே வைத்திருங்கள். நான் அப்படிச் செய்யாமல் ஒருமுறை சர்வருக்கு வெளியே நின்றுவிட்டேன். மண்டபச் சாவி வைத்திருப்பவர் ஈப்போவுக்குத் திருமணத்துக்குப் போயிருந்தார்.

கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இருந்து வருபவர்களுக்கு இத்தனையும் போதாது. இணைப்பு விட்டுத் திரும்ப வரும்போது வெளி முகவரி மாறினால், எஸ்எஸ்எச் இணைப்பை எந்தக் கீப்அலைவும் காப்பாற்றாது. அவர்களுக்கு மாஷ் என்ற நிரலை நிறுவிக் கொடுத்தோம். முகவரி மாறினாலும் அது தாங்கும். சர்வரிலும் மாணவர் கணினியிலும் அது இருக்க வேண்டும், ரவுட்டரில் யூடிபி 60000 முதல் 61000 வரையிலான கதவுகளில் (போர்ட்களில்) தேவையானவற்றைத் திறக்க வேண்டும்.

மண்டபத்துக்குள்ளேயே இருப்பவர்களுக்கும் அறுந்தால், சர்வரை வைஃபையிலிருந்து கழற்றிக் கம்பியில் இணையுங்கள். 20 மீட்டர் கம்பி 25 ரிங்கிட் ஆயிற்று. புது ரவுட்டர் வாங்கும் எண்ணம் அதற்குமுன் வரக் கூடாது. சர்வருக்கு நீங்களாக ஒரு முகவரி கொடுத்திருந்தால், ரவுட்டர் தானாகப் பகிரும் முகவரி வரிசைக்குள் அது விழுகிறதா என்றும் பாருங்கள். இரண்டு கருவிகளுக்கு ஒரே முகவரி வந்தால், காரணமே தெரியாத வகையில் இணைப்புகள் அறுந்து அறுந்து சேரும்.

7. நினைவகம் தீர்ந்தால்

எங்களுடைய மூன்றாவது குற்றவாளி இவர். கணினியில் 4 ஜிபி நினைவகம். விஷுவல் ஸ்டூடியோ கோட் என்ற நிரல் எழுதும் செயலி மூலம் தொலைவிலிருந்து நுழையும் ஒவ்வொரு மாணவருக்கும் சர்வரில் தனியாகச் சில நிரல்கள் ஓடும். மூன்று பேர் வரை சிரமமில்லை. ஆறாவது மாணவர் நுழைந்ததும் யாரோ ஒருவருடைய அமர்வு பலியாகும். யார் என்பது ஒவ்வொரு நாளும் மாறியதால் நான் நெடுநாள் இதை இணையத்தின் தலையில் கட்டிக்கொண்டிருந்தேன்.

நினைவகம் அடியோடு தீரும்போது லினக்ஸின் கருநிரல் (கெர்னல்) ஏதாவது ஒரு நிரலைத் தேர்ந்தெடுத்துக் கொன்றுவிடும். ஜர்னல்சிடிஎல் கட்டளையுடன் கழித்தல் குறியும் கே எழுத்தும் சேர்த்துத் தட்டி, "அவுட் ஆஃப் மெமரி", "கில்டு பிராசஸ்" என்ற சொற்களைத் தேடுங்கள். கொல்லப்பட்ட நிரலின் பெயரும் அங்கேயே இருக்கும். ஒரு நிரல் 137 என்ற எண்ணோடு முடிந்ததாகத் தெரிந்தால், 128உடன் 9ஆம் சமிக்ஞையைக் கூட்டிய எண் அது. கேட்காமல் கொல்லப்பட்டது என்று பொருள். 129 என்றால் முனையம் போய்விட்ட செய்தி. 143 என்றால் நாகரிகமாக முடித்துக்கொள்ளச் சொன்ன செய்தி.

உபுண்டு 22.04இன் டெஸ்க்டாப் பதிப்பில் சிஸ்டம்டி-ஓஓஎம்டி என்ற காவலரும் இருக்கிறார். நினைவகம் தீருமுன்பே அவர் கை வைப்பார். திரையில் வேலை செய்துகொண்டிருக்கும்போது எல்லாச் சாளரங்களும் மறைந்து நுழைவுத் திரைக்கே திரும்பினால், அவருடைய பெயரிலுள்ள பதிவுகளையும், திரையை நடத்தும் நிரல் நொறுங்கிய பதிவுகளையும் பாருங்கள்.

நினைவகத்தின் நிலையை ஃப்ரீ, இடைவெளி, கழித்தல் குறியுடன் எச் என்று தட்டிப் பார்க்கலாம். "அவெய்லபிள்" என்ற நெடுவரிசையைப் பாருங்கள், "ஃப்ரீ" என்ற நெடுவரிசையை அல்ல. ஈப்போவில் பழைய 4 ஜிபி துண்டு ஒன்றை 45 ரிங்கிட்டுக்கு வாங்கிச் செருகினேன். அதற்குமுன் உங்கள் கணினிக்கு எந்தத் தலைமுறை நினைவகம் பொருந்தும் என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள். தலைமுறை மாறினால் துண்டு செருகாது, பழைய பொருளைக் கடைக்காரர் திரும்பவும் எடுக்க மாட்டார்.

8. நுழைந்ததும் வெளியே வந்தால்

இது வேறு நோய், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். கடவுச்சொல் சரியாக ஏற்கப்பட்டு, அடுத்த நொடியே அமர்வு மூடினால், எட்சி அடைவின் பாஸ்டபிள்யூடி கோப்பில் அந்தப் பயனரின் வரி நோலாகின் அல்லது ஃபால்ஸ் என்று முடிகிறதா பாருங்கள். இல்லையென்றால் பாஷ்ஆர்சி கோப்பில் எக்ஸிட் அல்லது செட், கழித்தல் குறியுடன் இ என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இரண்டாவது வரி இருந்தால் தட்டும் முதல் கட்டளை தவறினாலும் ஷெல் மூடிவிடும். வட்டு நிரம்பியிருந்தால் டெஸ்க்டாப்பில் நுழைவுத் திரை சுற்றிச் சுற்றி வரும். டிஎஃப் கட்டளை அதைக் காட்டும். சுடோவோடு ஏதாவது திரை நிரலை ஓட்டியபின் இந்தச் சுற்று தொடங்கியிருந்தால், வீட்டு அடைவில் புள்ளியில் தொடங்கும் எக்ஸ்ஆதாரிட்டி கோப்பு நிர்வாகிக் கணக்கான ரூட்டின் பெயருக்கு மாறியிருக்கலாம். பலர் ஒரே கணக்கைப் பகிர்ந்தால், லிமிட்ஸ் டாட் கான்ஃப் கோப்பில் மேக்ஸ்லாகின்ஸ் வரம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

9. காரணம் தெரியும்வரை வேலையைக் காப்பாற்றுங்கள்

டிமக்ஸ் என்ற நிரலை முதல் நாளே மாணவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். நுழைந்தவுடன் டிமக்ஸ் என்று தட்டி அதற்குள் வேலை செய்தால், இணைப்பு அறுந்தாலும் வேலை சர்வரில் அப்படியே இருக்கும். மறுபடி நுழைந்து டிமக்ஸ் அட்டாச் என்று தட்டினால் விட்ட இடத்தில் திரை திறக்கும். ஷெல்லின் காலக்கெடு மட்டும் டிமக்ஸுக்குள்ளும் செல்லுபடியாகும் என்பதால், ஐந்தாம் படியை அது ஈடுசெய்யாது. வெளியேறியதும் டிமக்ஸும் சேர்ந்தே செத்தால், லாகின்டி டாட் கான்ஃப் கோப்பில் கில்யூசர்பிராசசஸ் வரி யெஸ் என்று இருக்கும்; உபுண்டு, டெபியனில் அது பொதுவாக நோ. அதை நோ ஆக்குங்கள்.

10. செலவும் காலமும், உதவி கேட்கப் போகும்போது கொண்டுபோக வேண்டியவையும்

என் செலவுக் கணக்கில் பயன்பட்டவை: யூபிஎஸ் 189 ரிங்கிட், கம்பி 25, நினைவகத் துண்டு 45, மொத்தம் 259. பயன்படாதவை: ரவுட்டர் 160, வந்து பார்த்து "லைன் சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போன தொழில்நுட்பருக்கு 80. அவரைக் குறை சொல்ல மாட்டேன். நான் அவரிடம் நேரமோ கடைசி வரியோ எதையும் காட்டவில்லை.

காலத்தைப் பொறுத்தவரை, நோட்டுப் புத்தகத்துக்கு மூன்று நாள், மூன்று சாளரச் சோதனைக்கு ஒரு மணி நேரம், பதிவேட்டோடு ஒப்பிட ஒரு மாலை. பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்து, குறைந்தது நான்கு வகுப்புகளாவது பார்த்தபின்னரே அடுத்த மாற்றத்துக்குப் போங்கள். நான் ஒரே நாளில் கீப்அலைவையும் ஷெல் கெடுவையும் மாற்றினேன். கோளாறு பாதியாகக் குறைந்தது, எது குறைத்தது என்று தெரியாமல் இரண்டையும் பழையபடி ஆக்கி மறுபடி தொடங்க நேர்ந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் மூலக் கோப்பின் நகலைத் தேதியோடு பெயரிட்டு வையுங்கள்.

யாரிடமாவது உதவி கேட்பதானால் இவற்றைத் தயாராக வைத்திருங்கள்: நோட்டுப் புத்தகத்தின் படம், மூன்று சாளரச் சோதனையின் முடிவு, இயங்குதளத்தின் பதிப்பு, எஸ்எஸ்எச், கழித்தல் குறியுடன் பெரிய வி என்று தட்டினால் வரும் ஓப்பன்எஸ்எஸ்எச் பதிப்பு, அமர்வு அறுந்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னும் பின்னுமான பதிவேட்டுப் பகுதி. மாணவரின் பக்கத்திலிருந்து எஸ்எஸ்எச் கட்டளையுடன் கழித்தல் குறியும் சிறிய வி எழுத்தும் சேர்த்து நுழைந்து, அறுந்த கணம்வரை திரையில் வந்ததைச் சேமித்தால் இன்னும் நல்லது. அனுப்புமுன் பயனர் பெயர்களையும் வெளி முகவரியையும் அழித்துவிடுங்கள். மண்டபத்து ரவுட்டரின் கதவு எண் திறந்திருக்கும் நிலையில் அந்த முகவரி ஊர் முழுக்கச் சுற்ற வேண்டியதில்லை.